மகாஜனபதங்களை அட்டவணைக்குள் அடைக்காதீர்கள்: பாடநூல் வரைவுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பாடநூல் வரைவுக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

நீங்கள் கருத்துக் கேட்டு வெளியிட்டிருக்கும் வரலாற்றுப் பாட வரைவில், புத்தர், மகாவீரர் காலத்து அரசுகளும் சமூகமும் தனிப் பாடமாக இல்லை. மகாஜனபதங்கள் எனப்படும் பதினாறு நாடுகளும் அவற்றின் தலைநகரங்களும் அடங்கிய ஓர் அட்டவணை, வண்ணம் தீட்டிய ஒரு வரைபடம், அதன் கீழே சில குறிப்புகள் ஒட்டிய மூன்று வாக்கியங்கள். இரும்புக் கோடரி காட்டை அழித்ததால் அரசுகள் தோன்றின. வைசாலியில் மக்களாட்சி நடந்தது. புத்தரும் மகாவீரரும் சாதியை ஒழித்தார்கள். மாணவரின் சுமையைக் குறைக்கவே இப்படிச் சுருக்கினோம் என்கிறீர்கள். மூன்று வாக்கியங்களுமே இப்போதுள்ள வடிவில் தவறு. இதை வகுப்பில் நடத்தப்போகிறவர்கள் நாங்கள் என்பதால், எது தவறு, சான்று எங்கே இருக்கிறது, எப்படித் திருத்தலாம் என்பதை எழுதுகிறோம்.

மூன்றாவது வாக்கியத்திலிருந்து தொடங்குகிறோம். கேடு அதில்தான் அதிகம்.

பௌத்தத் துறவியர் அமைப்பான சங்கத்துக்குள் பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்பதற்கு நல்ல சான்றுகள் உண்டு. புத்தர் பிறந்த சாக்கியக் குலத்து இளவரசர்கள் துறவு பூண வந்தபோது, தங்கள் நாவிதரான உபாலிக்கு முதலில் துறவு அளிக்கும்படி அவர்களே கேட்டார்கள் என்று துறவியருக்கான விதிநூலான வினய பிடகம் சொல்கிறது. அவர் மூத்த பிக்கு ஆகிவிட்டால் தாங்கள் அவரை வணங்க வேண்டியிருக்கும், தங்கள் குலச் செருக்கு அடங்கும் என்பது அவர்கள் சொன்ன காரணம். புத்தரின் உரைகளுள் ஒன்றான அஸ்ஸலாயன சுத்தத்தில் அவர் ஒரு பிராமண இளைஞரிடம் கேட்கும் கேள்வியை எந்த மாணவருக்கும் விளக்கலாம்: சந்தனக் கட்டையைக் கடைந்து அரசகுலத்தவன் மூட்டும் தீக்கும், நாய்த்தொட்டிக் கட்டையையோ ஆமணக்குக் கட்டையையோ கடைந்து சண்டாளன் மூட்டும் தீக்கும் சுடரிலும் ஒளியிலும் வேறுபாடு உண்டா? கேள்வி கூர்மையானது. பிறப்பால் உயர்வு என்ற வாதத்தை அது முறிக்கிறது. ஊருக்குள் இருந்த அமைப்பை அது ஒழித்துவிட்டது என்று சொல்ல முடியாது.

ஏன் முடியாது என்பதற்கான சான்றும் அதே வினய பிடகத்தில் இருக்கிறது. மகத எல்லையில் கலகம் வருகிறது. அடக்கப் புறப்பட்ட படைவீரர்களில் சிலர், கொலைப் பாவம் வேண்டாம் என்று பிக்குகளாகிவிடுகிறார்கள். மகத மன்னர் பிம்பிசாரர் தம் நீதி அதிகாரிகளிடம், அரச ஊழியனுக்குத் துறவு அளிப்பவருக்கு என்ன தண்டனை என்று கேட்கிறார். துறவு அளித்த ஆசானின் தலையை வெட்ட வேண்டும், அறிவிப்பை ஓதியவரின் நாக்கைப் பிடுங்க வேண்டும், கூடியிருந்த பிக்குகளின் விலா எலும்புகளில் பாதியை முறிக்க வேண்டும் என்பது பதில். அரசர் புத்தரிடம் போகிறார். அரச ஊழியருக்குத் துறவு இல்லை என்று விதி பிறக்கிறது. அடுத்தடுத்த விதிகள் சிறையிலிருந்து தப்பியவரையும் கடன்காரரையும் அடிமையையும் விலக்குகின்றன. சங்கம் அரசின் படை உரிமையோடும், கடன் கொடுத்தவரின் உரிமையோடும், ஆண்டையின் உரிமையோடும் மோதாமல் ஒதுங்கி நின்றது. அடிமைகள் எத்தனை வகை என்றும் வினயம் வகுக்கிறது: வீட்டில் பிறந்தவர், விலைக்கு வாங்கப்பட்டவர், போரில் பிடித்து வரப்பட்டவர்.

இன்னொரு விதி, பிக்கு பிக்குவை இழித்துப் பேசுவதைத் தடுப்பது. எந்தப் பேச்சு இழிவு என்று விளக்க அது ஒரு பட்டியலே தருகிறது. தாழ்ந்த பிறப்பு: சண்டாளர், மூங்கில் வேலை செய்யும் வேணர், வேட்டுவரான நிஷாதர், தேர்ப்பணியாளர், புக்குசர். உயர்ந்த பிறப்பு: சத்திரியர், பிராமணர். தாழ்ந்த கைத்தொழில்: கூடை முடைதல், மட்பாண்டம், நெசவு, தோல் வேலை, சவரம். உயர்ந்த கலை: எண்ணுதல், கணக்கு, எழுத்து. இந்த மதிப்பீடு நாட்டுக்கு நாடு மாறும் என்ற குறிப்பும் உண்டு. இழித்துப் பேசுவதைத் தடுக்க எழுந்த விதியே, எதைச் சொன்னால் இழிவாகும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்த சமூகத்தைக் காட்டிவிடுகிறது. அந்தச் சமூகத்தை ஆராய இதைவிட நல்ல ஒரு பக்கம் கிடைப்பது கடினம். உங்கள் வரைவு அதைத் தொடவில்லை.

வகுப்பில் நடப்பது இதுதான். "சாதியை ஒழித்தார்" என்று மாணவர் எழுதுகிறார், மதிப்பெண் வாங்குகிறார். பிறகு வரும் பாடங்களில் குப்தர் காலத்திலும் சோழர் காலத்திலும் சாதி இருப்பதைப் பார்த்து, ஒழித்தது எப்படித் திரும்ப வந்தது என்று கேட்கிறார். பாடநூலில் பதில் இல்லை. ஆசிரியர் கையிலும் இல்லை.

இதைச் சொன்னால் புத்தரைக் குறைத்துப் பேசுவதாகச் சிலர் கோபப்படுவார்கள் என்பது தெரியும். விதிவிலக்குகளோடும் சமரசங்களோடும் சேர்த்துக் கற்கும் ஒரு சீர்திருத்தம்தான் நம்பத்தக்கது என்பது எங்கள் கருத்து.

மகாவீரரும் அதே வாக்கியத்தில் ஒட்டவைக்கப்பட்டிருக்கிறார். அவருக்கென்று வரைவில் வேறு வரியே இல்லை. வைசாலிக்கு அருகே குண்டகிராமத்து ஞாத்ரிகக் குலத்தவர் அவர். வைசாலியை ஆண்ட லிச்சவிகளின் தலைவர் சேடகருக்கு உறவினர். அவர் லாட நாட்டுக் காட்டுவழிகளில் திரிந்தபோது ஊரார் அவர்மேல் நாய்களை ஏவிவிட்டதை ஆசாராங்க சூத்திரம் விவரிக்கிறது. சமண மரபின் மிகப் பழைய பகுதிகளுள் அது ஒன்று. கங்கைச் சமவெளி நகரங்களுக்குக் கிழக்கே, துறவியை எப்படி நடத்துவது என்று பழகாத ஊர்கள் இருந்தன என்பதை அந்த ஒரு பத்தி காட்டுகிறது. அக்காலச் சமூகத்தின் எல்லை எங்கே முடிந்தது என்று கேட்க அதுவே போதும்.

இனி வைசாலி. லிச்சவிகள், மல்லர், சாக்கியர், கோலியர் ஆகியோரிடம் ஒற்றை மன்னன் இல்லை, சந்தாகாரம் என்ற மன்றத்தில் கூடி முடிவெடுத்தார்கள் என்பது உறுதி. புத்தர் இறந்த செய்தியை அவருடைய அணுக்கச் சீடர் ஆனந்தர் கொண்டுவந்தபோது குசிநகரத்து மல்லர்கள் அந்த மன்றத்தில்தான் கூடியிருந்தார்கள். அங்கே உட்கார்ந்தவர்கள் யார்? சத்திரியக் குலத் தலைவர்கள். அவர்களின் நிலத்தில் உழைத்த அடிமைகளுக்கும் கூலியாட்களுக்கும் அங்கே இடம் இல்லை. வைசாலியில் 7707 அரசர்கள் என்ற எண்ணை வரைவு பெருமையோடு தருகிறது. அது புத்தரின் முற்பிறப்புக் கதைகளான ஜாதகங்களுள் ஏகபண்ண ஜாதகத்தின் உரைநடையில் வருவது. அதே வரியில் துணை அரசர்களான உபராஜர்களும் அத்தனை பேர், சேனாபதிகளும் அத்தனை பேர், கருவூலம் காக்கும் பண்டாரிகளும் அத்தனை பேர். இது தலைக்கணக்கு அல்ல, கதை சொல்லியின் எண். அந்த உரைநடை இன்றைய வடிவம் பெற்றது பொது ஆண்டு (பொ.ஆ.) 5ஆம் நூற்றாண்டு அளவில், அதாவது நிகழ்ச்சிக்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் கழித்து.

"வாக்கெடுப்பு நடந்தது" என்பது இன்னும் சிக்கல். வண்ணக் குச்சிகளால் வாக்கெடுக்கும் விரிவான விதிகள் பௌத்த சங்கத்துக்குரியவை. லிச்சவி மன்றத்திலும் அப்படியே நடந்திருக்கும் என்பது விடுதலைப் போராட்டக் காலத்தில் கே. பி. ஜயஸ்வால் போன்ற வரலாற்றாசிரியர்கள் செய்த ஊகம். இந்தியருக்குத் தன்னாட்சி புதிதல்ல என்று ஆங்கிலேயருக்குக் காட்ட வேண்டிய தேவை அன்று இருந்தது. ஊகத்தைச் செய்தியாக அச்சிடும் தேவை இன்று நமக்கு இல்லை. சங்க விதியையாவது முழுதாகப் படியுங்கள். குச்சி தருபவர் ஒவ்வொரு பிக்குவிடமும் தனியே சென்று, இந்த நிறம் இந்தக் கருத்துக்கு, விரும்பியதை எடுங்கள், யாருக்கும் காட்ட வேண்டாம் என்று சொல்ல வேண்டும். எண்ணிப் பார்க்கையில் தம்மத்துக்கு, அதாவது புத்தரின் நெறிக்கு, எதிரான தரப்பு அதிகமாக இருந்தால், வாக்கு சரியாக எடுக்கப்படவில்லை என்று அவரே தள்ளிவிட வேண்டும். தம்மத்தின் தரப்பு அதிகமானால் மட்டுமே முடிவை அறிவிக்க வேண்டும். பெரும்பான்மை எப்போது செல்லும், எப்போது செல்லாது என்று ஒரு வகுப்பு முழுவதும் விவாதிக்க இது ஒன்றே போதும். அதை விட்டுவிட்டு "உலகின் முதல் மக்களாட்சி" என்று எழுதியிருக்கிறீர்கள்.

சாக்கியரின் குலப்பெருமை எத்தகையது என்பதற்கு பத்தசால ஜாதகத்தின் உரைக்கதை இருக்கிறது. கோசல மன்னர் பிரசேனஜித் சாக்கியப் பெண் கேட்கிறார். சாக்கியத் தலைவர் மகாநாமருக்கு ஓர் அடிமைப்பெண்ணிடம் பிறந்த வாசப கத்தியாவை, இளவரசி என்று சொல்லி அனுப்புகிறார்கள். அவள் மகன் விடூடபன் தாய்வீட்டுக்கு வந்து போனபின், அவன் அமர்ந்த பலகையைப் பால் கலந்த நீரால் கழுவுகிறார்கள். அது அவன் காதுக்கு எட்டுகிறது. சாக்கியரின் அழிவை அந்தக் கதை அங்கிருந்து தொடங்குகிறது. இதுவும் பிற்கால உரைதான், அப்படியே நடந்தது என்று எழுதச் சொல்லவில்லை. பிற்கால உரை என்று குறித்து, 7707 இருந்த இடத்தில் இதை வையுங்கள் என்கிறோம்.

இரும்புக் கோடரிக்கு வருவோம். இந்தக் கருத்தை முன்வைத்த வரலாற்றாசிரியர்கள் டி. டி. கோசாம்பி, ஆர். எஸ். சர்மா காலத்தில் அது துணிச்சலான விளக்கம். அதன் பிறகு சான்றுகள் நகர்ந்துவிட்டன. உத்தரப் பிரதேசத்தின் கிழக்கே மல்ஹார், ராஜா நல கா டீலா ஆகிய இடங்களில் ராகேஷ் திவாரி நடத்திய அகழாய்வுகள் இரும்பின் பயன்பாட்டை பொ.ஆ.மு. இரண்டாம் ஆயிரமாண்டுக்குக் கொண்டுபோய்விட்டன. சில காலக்கணிப்புகள் பொ.ஆ.மு. 1800ஐ ஒட்டி வருகின்றன. கோட்டை கட்டிய நகரங்களும் வெள்ளிக் காசும் வருவது பொ.ஆ.மு. 6ஆம் நூற்றாண்டு அளவிலும் அதற்குப் பின்னும். கோடரிதான் காரணம் என்றால் இடைப்பட்ட ஆயிரம் ஆண்டுகள் அது என்ன செய்துகொண்டிருந்தது? வண்ணம் தீட்டிய சாம்பல் நிற மட்கலங்கள் கிடைக்கும் அகழாய்வு அடுக்குகளில் அம்பு முனையும் ஈட்டி முனையும் அதிகம், கலப்பைக் கொழு அரிது. காட்டை எரித்தும் அழிக்கலாம். அழித்த நிலத்தில் ஆண்டுதோறும் உழைக்க ஆள் வேண்டும், விளைச்சலில் பங்கு கேட்க ஓர் அதிகாரம் வேண்டும். அரசு பிறப்பது அங்கே.

அந்த உழைப்பு எப்படி இருந்தது என்பதற்கு ஒரு பத்தி இருக்கிறது. மகாநாமர் தம் தம்பி அனுருத்தருக்கு இல்லற வேலையைச் சொல்லிக்கொடுக்கிறார்: வயலை உழுவிக்க வேண்டும், விதைப்பிக்க வேண்டும், நீர் பாய்ச்சுவிக்க வேண்டும், நீரை வடிப்பிக்க வேண்டும், களை எடுப்பிக்க வேண்டும், அறுப்பிக்க வேண்டும், கதிர்க்கட்டுகளைக் களத்துக்குச் சுமப்பிக்க வேண்டும், போர் குவிப்பிக்க வேண்டும், பிணையல் விட்டு மிதிப்பிக்க வேண்டும், வைக்கோலை உதறுவிக்க வேண்டும், பதரை நீக்குவிக்க வேண்டும், தூற்றுவிக்க வேண்டும், களஞ்சியம் சேர்ப்பிக்க வேண்டும். அடுத்த ஆண்டும் இதே. எப்போது முடியும் என்று அனுருத்தர் கேட்கிறார். முடியாது, நம் தந்தையரும் பாட்டன்மாரும் வேலை முடியாமலேதான் இறந்தார்கள் என்று பதில் வருகிறது. அப்படியானால் இல்லறம் உங்களுக்கு, துறவு எனக்கு என்கிறார் தம்பி. பதின்மூன்று வேலைகள், ஒன்றைக்கூடத் தம் கையால் செய்வதாக மகாநாமர் சொல்லவில்லை. நாற்றுப் பிடுங்கி நடுவதும் இந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே நடவுமுறை அன்று எங்கும் பரவியிருந்தது என்று எழுதும் முன் ஒருமுறை நிதானியுங்கள்.

வரி பற்றி வரைவில் ஒரு சொல்லும் இல்லை. பழைய சட்டநூலான கௌதம தர்ம சூத்திரம் உழவரிடம் பத்தில் ஒன்று, எட்டில் ஒன்று, ஆறில் ஒன்று என மூன்று விகிதங்கள் சொல்கிறது. சற்றுப் பிந்தியதானாலும் கல்லில் நேரடியாகக் கிடைப்பது லும்பினித் தூண்: அசோகர் முடிசூடி 20 ஆண்டுகள் ஆனபின் அங்கே வந்து வழிபட்டு, அந்த ஊருக்குப் பலி வரியை நீக்கி, விளைச்சலில் எட்டில் ஒரு பங்கு மட்டும் செலுத்தச் சொல்கிறார். வரி எப்படி அளக்கப்பட்டது என்பதைக் குருதம்ம ஜாதகம் காட்டுகிறது. வயலை அளக்கும் அதிகாரி கயிற்றைக் கோலில் கட்டி, ஒரு முனையை நிலத்துக்காரனிடம் கொடுத்துவிட்டு, மறுமுனைக் கோலை ஊன்றப்போகிறார். ஊன்ற வேண்டிய இடத்தில் நண்டு வளை. உள்ளே தள்ளி ஊன்றினால் அரசன் பங்கு போகும், வெளியே ஊன்றினால் குடியானவன் பங்கு போகும், வளைக்குள்ளேயே ஊன்றினால் நண்டு சாகும். களஞ்சிய வாசலில் நெல் அளக்கும் அதிகாரிக்கு மழை வந்து கணக்குக் குழம்பிய கதையும் அதே இடத்தில் உண்டு. நம் பக்கத்தில் நிலம் அளந்த கதைகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இது உடனே புரியும்.

காசும் அப்படித்தான். அக்கால வெள்ளிக் காசான கார்ஷாபணத்தின் எடை 32 ரத்தி, சுமார் 3.4 கிராம் வெள்ளி. ரத்தி என்பது குன்றிமணியின் எடை. 32 குன்றிமணிகளைத் தராசில் வைத்தாலே போதும், காசின் எடை மாணவருக்குக் கையில் தெரியும். (விதையை உடைக்கவோ கடிக்கவோ விடக்கூடாது, உள்ளே நஞ்சு இருக்கிறது. ஆசிரியர் கையேட்டில் இதைக் கட்டாயம் அச்சிடுங்கள்.) மகதத் தலைநகரான இராஜகிருகத்தில் அப்போது ஐந்து மாசகம் ஒரு பாதம், அதாவது கால் காசு என்று வினயம் சொல்கிறது. ஒரு பாதமோ அதன் மதிப்புள்ள பொருளோ திருடியவனை அரசன் கொல்லலாம், கட்டலாம், நாடுகடத்தலாம். சங்கமும் அதே அளவைத் தன் விதியாக எடுத்துக்கொண்டு, அந்த மதிப்புக்குத் திருடிய பிக்குவை வெளியேற்றியது. அரசின் சட்டம் துறவியர் சட்டத்துக்குள் நுழைந்த இடம் இது.

அட்டவணையைப் பற்றிச் சுருக்கமாக. அந்தப் பதினாறும் பௌத்தரின் பாலி நூலான அங்குத்தர நிகாயத்தில், பதினாறு மகாஜனபதங்களையும் ஆண்டாலும் அது எட்டு அங்க உபோசத நோன்பின் பதினாறில் ஒரு பங்குக்கு ஈடாகாது என்ற பேச்சில் வருபவை. சமணரின் பகவதி சூத்திரமும் பதினாறு என்றே எண்ணுகிறது. ஆனால் அதில் குருவும் காந்தாரமும் காம்போஜமும் இல்லை. வங்கமும் மலயமும் லாடமும் இருக்கின்றன. இரண்டு பட்டியல்களையும் அருகருகே வைத்தால் யார் எங்கிருந்து பார்த்தார்கள் என்று தெரியும். ஒன்றை மட்டும் வைத்துப் "பொருத்துக" வினா கேட்டால் மனப்பாடம் மட்டுமே மிஞ்சும். இன்றைய மாநில எல்லைகளைப் போல வண்ணமடித்த வரைபடமும் தவறு. நகரங்களைப் புள்ளிகளாக இட்டு, சுத்த நிபாதம் என்ற பாலி நூலில் கோதாவரிக் கரையிலிருந்து பாவரி என்ற பிராமண ஆசானின் மாணவர்கள் புத்தரைக் காணப் போன வழியைக் கோடாக வரையுங்கள்: பைத்தான், மகிஷ்மதி, உஜ்ஜயினி, விதிஷா, கௌசாம்பி, சாகேதம், சிராவஸ்தி, கபிலவஸ்து, குசிநகரம், பாவா, வைசாலி, மகதம். இடையிலுள்ள காடுகளை வெற்றிடமாக விடுங்கள்.

புத்தரின் காலத்தை பொ.ஆ.மு. 563 – 483 என்று விளக்கமின்றித் தந்திருக்கிறீர்கள். அசோகர் முடிசூடியது புத்தர் இறந்து 218 ஆண்டுகளுக்குப் பின் என்கின்றன இலங்கையின் தீபவம்சமும் மகாவம்சமும். நூறு ஆண்டுகளுக்குப் பின் என்கிறது வடக்கத்திய பௌத்த மரபு. அசோகரின் காலம் 13ஆம் பாறைக் கட்டளை பெயர் சொல்லும் ஐந்து கிரேக்க மன்னர்களால் நிலைபெறுகிறது. முடிசூட்டு பொ.ஆ.மு. 268 என்று கொண்டால், முதல் கணக்கில் 486, இரண்டாம் கணக்கில் 368. முடிசூட்டை மூன்று ஆண்டுகள் தள்ளிக் கொள்பவர்களுக்கு வருவதுதான் உங்கள் 483. இலங்கையிலும் தென்கிழக்காசியாவிலும் வழங்கும் கணக்கோ 544. 1956இல் 2500ஆம் புத்த ஜயந்தி கொண்டாடியது அந்தக் கணக்கில்தான். இது ஒரு கூட்டல் கழித்தல் பயிற்சி, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை செய்யக்கூடியது.

எங்கள் கோரிக்கைகள் இவை.

இந்தப் பகுதியைத் தனிப் பாடமாகத் திருப்பித் தாருங்கள். பக்கம் போதாது என்றால் தலைநகர அட்டவணையை நீக்குங்கள், இழப்பு ஒன்றும் இல்லை. மூன்று வாக்கியங்களையும் இப்படி மாற்றுங்கள்: "இரும்புக் கருவி, நெல் விளைச்சல், கட்டாய உழைப்பு, வரி, வணிகவழி ஆகியவை சேர்ந்து கங்கைச் சமவெளியில் அரசுகள் வளர்ந்தன." "சில நாடுகளில் சத்திரியக் குலத் தலைவர்கள் மன்றத்தில் கூடி ஆண்டனர். உழைத்தவர்களுக்கு அதில் இடம் இல்லை." "பிறப்பால் உயர்வு என்ற கருத்தைப் புத்தர் மறுத்தார். சங்கத்துக்குள் அதைக் களைய முயன்றார். வெளியே இருந்த அடிமைமுறையையும் படிநிலையையும் சங்கம் மாற்றவில்லை." மகாவீரருக்குக் குறைந்தது அரைப் பக்கம் ஒதுக்குங்கள், ஆசாராங்கத்தின் லாட நாட்டுப் பகுதியோடு.

ஒவ்வொரு செய்தியின் ஓரத்திலும் அது பழைய நூலா, பிற்கால உரையா, அகழாய்வா, கல்வெட்டா என்று ஒரு குறி இடுங்கள். பாலி மரபு இலங்கையில் பொ.ஆ.மு. 1ஆம் நூற்றாண்டிலும், சமண ஆகமம் வலபியில் பொ.ஆ. 5ஆம் நூற்றாண்டிலும் எழுத்தில் நிலைபெற்றதைப் பாடத்தின் முதல் பக்கத்திலேயே சொல்லுங்கள். மகாநாமரின் வேலைப்பட்டியல், பிம்பிசாரரின் படைவீரர் வழக்கு, லும்பினித் தூண் ஆகிய மூன்றையும் மூலப்பகுதிகளாகச் சேருங்கள். நந்தர்கள் பாடலியில் குவித்துக் கங்கையில் மறைத்த செல்வத்தை மாமூலனார் பாடிய அகநானூற்றுப் பாடலை (265) மகதத்தின் செல்வம் பற்றிய பத்தியோடு வையுங்கள். மகதத்தின் புகழ் தமிழகம் வரை எட்டியிருந்ததற்கு நேரடிச் சான்று அது, வலிந்து ஒட்டியதாக இருக்காது.

தேர்வில் நாடு–தலைநகர் பொருத்தும் வினாவை நிறுத்தி, மூலப்பகுதி ஒன்றைக் கொடுத்து மூன்று கேள்விகள் கேளுங்கள். வரைவை அச்சுக்கு அனுப்பும் முன் பாலி, பிராகிருதம் அறிந்த ஒருவரிடமும், கங்கைச் சமவெளி அகழாய்வில் வேலை செய்த ஒருவரிடமும் காட்டுங்கள். இந்தக் கோரிக்கைகளில் எவற்றை ஏற்கவில்லையோ, அவற்றுக்கான காரணத்தை எழுத்தில் வெளியிடுங்கள்.

வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்கள்